சித்தப்பாவுக்கு ஒரு பதில்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஓர் உலகப் படம் சுற்றியது. புற்றுநோய் அதிகமுள்ள ஆஸ்திரேலியா கருஞ்சிவப்பு, இந்தியா வெளிர் மஞ்சள். "மிளகு ரசமும் மஞ்சளும் சாப்பிடுகிறவனை கேன்சர் அண்டாது" என்று கீழே சித்தப்பா எழுதியிருந்தார். நான் கடலூரில் இருபது வருஷமாகக் கட்டிகளை அறுத்து எடுக்கும் டாக்டர். குழுவை விட்டு வெளியேறிவிடலாமா என்று யோசித்துவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தேன்.

படம் பொய் இல்லை சித்தப்பா. 2022 கணக்குப்படி, வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகும், ஆஸ்திரேலியாவில் லட்சத்துக்குச் சுமார் 460 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. இந்தியாவில் 100க்குக் கொஞ்சம் கீழே. அங்கே வெளுத்த தோலும் சுள்ளென்ற வெயிலும் சேர்ந்து தோல் புற்றுநோய் நிஜமாகவே அதிகம். மது, உடல் பருமன் எல்லாம் உண்டு. (மதுவைப் பற்றிப் புதுச்சேரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதிகம் பேசாமல் இருப்பது நல்லது.) ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் தேடுகிறார்கள். மார்பகத்தைப் படமெடுக்கிறார்கள், மலத்தைப் பரிசோதிக்கிறார்கள். தேடினால் கிடைக்கும்.

அளவுக்கு மீறித் தேடினாலும் கிடைக்கும். தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் சகஜமானதும், 1993இல் இருந்ததைப்போல 2011இல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு ஆனது. அதனால் செத்தவர்கள் எண்ணிக்கையோ அப்படியேதான் இருந்தது. ஆயுசு முழுக்க யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்திருக்கும் கட்டிகள் கணக்கில் ஏறியிருந்தன.

நம் பக்கம் நேர்மாறு. வயிற்றுவலி என்று படுத்த கிழவர் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தால் "வயசாச்சு" என்று முடித்துவிடுகிறோம். வெளிர் மஞ்சளுக்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை பேருக்கு வந்தது என்பதை விட்டு, எத்தனை பேர் போனார்கள் என்று பாருங்கள். அதே 2022இல் இந்தியாவில் புது நோயாளிகள் 14 லட்சம், சாவுகள் 9 லட்சம். ஆஸ்திரேலியாவில் நாலு புது நோயாளிக்கு ஒரு சாவு என்ற அளவுதான். மார்பகப் புற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இன்னும் முகத்தில் அறையும். மிக முன்னேறிய நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வருகிறது, 71இல் ஒருவர் இறக்கிறார். மிகப் பின்தங்கிய நாடுகளில் 27இல் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48இல் ஒருவர் இறந்துபோகிறார்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். முந்திரி உடைக்கிறவர், ஓட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. மார்பில் எலுமிச்சை அளவுக் கட்டி, மேல்தோல் புண்ணாகிவிட்டது.

"எப்பலேர்ந்துக்கா?"

"போன பலாப்பழ சீசன்லயே இருந்திச்சு டாக்டரம்மா. வலிக்கல, அதான் உட்டுட்டேன்."

வலிக்காது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. இதை நான் தினமும் யாரிடமாவது சொல்கிறேன்.

ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் முடிந்தது. பிறகு கதிர்வீச்சு, ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், புதுச்சேரிக்கு, இரண்டு பஸ் மாறி. மூன்றாவது வாரம் நின்றுவிட்டார். அட்டை மருந்துக்குக் கொடுக்கும், போன கூலிக்குக் கொடுக்காது. எங்கள் நர்ஸ் நாலு தடவை போன் போட்ட பிறகுதான் மிச்சத்தை முடித்தார். உலகப் படத்தில் இதற்கு என்ன நிறம் அடிப்பார்கள்?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் புகையைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று 2013இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானது. ஆனால் இந்தப் புகையால்தான் இந்தக் கட்டி என்று ஒருவரைக் காட்டி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஊர் ஊராக, வருஷக்கணக்கில் விடாமல் எண்ணினால்தான் தெரியும்.

பெரிய மெஷின் வேண்டும் என்றும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸுகள், காடி போன்ற நீர்த்த அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் ஆய்வு வெளியானது.

சித்திக்கு இப்போது 54 வயது. இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னார். செவ்வாயும் வியாழனும் காலையில் எனக்குக் கூட்டம் குறைவு. கூட்டிக்கொண்டு வாருங்கள் சித்தப்பா.