பழைய ஆல்-இன்-ஒன் கணினி: கைமாற்றலாமா, கழிவில் போடணுமா?

பாலக்கோடு டியூஷன் சென்டரோ ஓசூர் ஆபீஸோ, எங்கே போனாலும் மூலையில் துணி போர்த்திய ஆல்-இன்-ஒன் (திரைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கியது) ஒன்று இருக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏறாத பெட்டிகளும் இப்போது அதே மூலைக்கு வருகின்றன. இவற்றை யாருக்காவது கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு.

இதைப் பற்றிப் பேசுவது மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022. நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1-இல். வேண்டாம் என்று கழித்துப் போட்ட கருவிதான் இதில் 'கழிவு'. ஓடுகிற கணினியை இன்னொருவர் பயன்படுத்தக் கொடுத்தால் அது கழிவு ஆகாது. தாராளமாகக் கொடுக்கலாம், விற்கலாம்.

ஒரு நிதியாண்டில் எப்போதாவது ஆயிரம் மின்னணுக் கருவிகளாவது பயன்பாட்டில் வைத்திருந்த நிறுவனம் 'மொத்தப் பயன்பாட்டாளர்'. ஓசூர் சிப்காட் பெரிய கம்பெனிகளில் சில இதில் வரும். அவர்கள் கழிவை, பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். பதிவு நடப்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில். நுண் நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அதனால் பழுது பார்க்க, ஊரில் ஒற்றை ஆளாக ரிப்பேர் பார்ப்பவரிடம் தாராளமாகப் போகலாம்.

சரி, கொடுக்கத் தகுந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஆல்-இன்-ஒன்னில் திரையும் போர்டும் (கணினியை இயக்கும் முதன்மைச் சுற்றுப் பலகை) ஒரே உடம்பு. போர்டு போனால், ஹெச்டிஎம்ஐ உள்ளீடு (வேறு கணினியைத் திரையில் இணைக்கும் துளை) இல்லாத மாடல்களில் நல்ல திரையும் சும்மா கிடக்கும். போர்டு நன்றாக இருந்தால் கதை வேறு. பின் மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் லேப்டாப் ரேம்தான் (தற்காலிக நினைவகம்) இருக்கும். அதைக் கூட்டி, சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏற்றினால் தட்டச்சு, பாடக் காணொளி, இணைய விண்ணப்பம் எல்லாம் ஓடும். கழற்றிய டிஸ்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டாலி மென்பொருளில் போட்ட கணக்கும் ஆதார் நகல்களும் அதில்தான் இருக்கும், வெறும் ஃபார்மேட் அடித்தால் மீட்டுவிடலாம்.

அரசுப் பள்ளிக்கு என்றால் முதலில் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு உதவத் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாகவும் உதவலாம். ஓடாததைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவதை மட்டும் தானம் என்று சொல்லாதீர்கள். அதைக் கழிக்கும் வேலை ஆசிரியர் தலையில் விழுகிறது.

உண்மையிலேயே செத்ததைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட வேண்டாம். செம்புக்காக ஒயரை எரித்தால் புகை, போர்டை அமிலத்தில் கரைத்தால் நிலத்தடி நீர் என்று கேடு ஊருக்குத்தான். வாரிய இணையதளத்தில் பெயர் இருக்கிற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, மாடலும் வரிசை எண்ணும் எழுதிய ரசீது வாங்கி வையுங்கள்.