கீழே விழுந்த துப்பாக்கி தானாகச் சுடுமா? ஒரு டிரிகர் கணக்கு

ஹூஸ்டனில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், வாரக் கடைசியில் துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்குப் போகிறேன். அதே கிளாக் 19-ஐத்தான் லைசென்ஸோடு இடுப்பிலும் வைத்திருக்கிறேன். கம்பெனி டிரிகரைக் கழற்றிவிட்டு வெளியில் விற்கிற டிரிகரைப் போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள். போடலாமா?"

முதலில் ஒரு மொழிச் சிக்கல். தமிழில் டிரிகருக்கும் விசை என்றுதான் பெயர், இயற்பியலில் வரும் விசைக்கும் அதேதான் பெயர். இரண்டும் அடிக்கடி வரப்போவதால் இந்தக் கட்டுரையில் அது டிரிகராகவே இருக்கட்டும்.

கடைக்காரர்கள் டிரிகரை விற்பது பவுண்டு கணக்கில், அதாவது அதை இழுக்க எவ்வளவு எடைக்குச் சமமான விசை வேண்டும் என்ற கணக்கில். கிளாக் கம்பெனியிலிருந்து வருவது சுமார் 5.5 பவுண்டு, அதாவது 2.5 கிலோ. மாற்று டிரிகரின் அட்டையில் 3.5 என்று போட்டிருக்கும். நியூமராலஜிக்காரர் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொல்வதுபோல, இந்த ஓர் எண்ணைக் குறைத்தால் கை வேகமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. போன வருஷம் அமெரிக்கா போயிருந்தபோது நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் அதைச் சோதித்துப் பார்த்தோம். தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்தாயிற்று, தோட்டா உட்காரும் சேம்பரில் விரலை விட்டு இரண்டு முறை பார்த்தாயிற்று. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்கிற கொக்கித் தராசு இருக்கிறதே, அதை டிரிகரின் நடுவில் மாட்டி இழுத்தால் 2.5. அதே கொக்கியைக் கீழ் நுனிக்கு இறக்கினால் 2.1! எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. டிரிகர் மேலே ஓர் ஊசியில் தொங்கும் நெம்புகோல், கீழே போகப்போக கை நீளம், விசை குறைவு, அவ்வளவுதான். தட்டையான முகம் வைத்த டிரிகர்கள் லேசாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இது, விரல் அதில் இயல்பாகவே கீழே போய் உட்காரும்.

அழுத்தும்போது நடப்பதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். முதலில் கொஞ்ச தூரம் லேசாக வரும், அப்புறம் ஒரு சுவரில் முட்டியதுபோல நிற்கும், அதைத் தாண்டினால் ஸ்ட்ரைக்கர் ஊசி விடுபட்டு தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும். அடுத்த குண்டுக்கு டிரிகரை முழுசாக விட வேண்டியதில்லை, பாதி வழியில் 'டிக்' என்று ஒரு ரீசெட் வரும், அதுவரை விட்டால் போதும். அடுத்தடுத்த குண்டுக்கு நடுவில் வேகம் வேண்டும் என்றால் அந்த டிக் சீக்கிரம் வர வேண்டும்; அட்டையில் போட்டிருக்கும் எடைக்கு அதில் பங்கு குறைவு.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். கிளாக் டிரிகரின் நடுவில் நாக்குப்போல ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தாமல் டிரிகர் பின்னால் நகராது. இதைப் பார்த்துவிட்டு நண்பரின் மகள் கேட்டாள்: "டிரிகர் மேலேயே லாக் இருந்தா என்ன அங்கிள் பிரயோஜனம்? எப்படியும் விரல் ரெண்டையும் சேர்த்துத்தானே அமுக்கும்?" சரியான கேள்வி. அந்தத் தகடு விரலைத் தடுக்க வைத்ததே இல்லை. அது தடுப்பது நிலைமத்தை.

பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்வது எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கி, குழல் வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தரையில் படும்படி விழுகிறது என்று வையுங்கள். தரை உடம்பை நிறுத்திவிடும். உள்ளே இருக்கிற டிரிகருக்கு யாரும் பிரேக் போடவில்லை, அது வந்த வேகத்திலேயே போகப் பார்க்கும். எந்தத் திசையில்? பின்னால். விரல் இழுக்கிற அதே திசையில்! துப்பாக்கி தன் டிரிகரைத் தானே இழுத்துக்கொள்கிறது.

எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். எண்கள் நான் வசதிக்கு எடுத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல. டிரிகரும் அதோடு நகரும் கம்பியும் சேர்ந்து 10 கிராம், விழும் உயரம் 1.2 மீட்டர் (அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான SAAMI சோதனைக்குச் சொல்வதும் 4 அடிதான்) என்றால், டிரிகர் கையில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.12 ஜூல். டிரிகரை முழுசாக இழுக்க எவ்வளவு வேண்டும்? முதல் 10 மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ, கடைசி 2 மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ என்று வைத்தால் 0.15 ஜூல், ஐம்பது கிராம் எலுமிச்சம்பழத்தை ஓர் அடி தூக்குகிற வேலை. 0.12 இருக்கிறது, 0.15 வேண்டும். மயிரிழையில் தப்பித்தோம். இப்போது பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பளபளவென்று உலோக டிரிகர் போட்டு 15 கிராம் ஆக்குங்கள், தூரத்தைப் பாதியாக்குங்கள், ஸ்பிரிங்கையும் தளர்த்துங்கள். விழும்போது 0.18 ஜூல் வரும், தேவைப்படுவதோ 0.07. மேலே போனது ஒன்று, கீழே வந்தது இன்னொன்று, இரண்டும் ஒரே ஷாப்பிங்கில்.

அந்தக் குட்டித் தகடு இங்கேதான் வேலை செய்கிறது. அதன் எடை கிராமில் ஒரு துளி, அதனால் அதன் ஸ்பிரிங்கை வெல்லும் அளவுக்கு நிலைமம் அதற்கு வராது. கனமான டிரிகர் ஓடப் பார்க்கும், லேசான தகடு நகராமல் நின்று அதைச் சட்டத்தில் முட்ட வைத்துவிடும். பூட்டை லேசாகச் செய்ததால்தான் அது பூட்டு!

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2017-ல் சிக் சவர் பி320 துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழுந்தால் சுடுகிறது என்று தெரியவந்தது. அந்த டிரிகரில் நடுத்தகடு கிடையாது. ஆகஸ்டில் கம்பெனி அறிவித்த மாற்றத்தில் முக்கியமான ஒன்று எடை குறைந்த டிரிகர். அதாவது நிறையை, m-ஐக் குறைத்தார்கள், ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

அப்படியானால் டிரிகரை நன்றாகக் கனமாக இழுக்கும்படி வைத்தால் பாதுகாப்புதானே? நியூயார்க் போலீஸ் அப்படித்தான் நினைத்து கிளாக்கில் 12 பவுண்டு ஸ்பிரிங் போட்டது. 5.4 கிலோ! தோட்டா நிரப்பினாலும் துப்பாக்கியே ஒரு கிலோவுக்குக் கீழேதான், அதன் மேல் ஐந்து மடங்குக்கு மேல் விசை போட்டால் குழல் அசையாமல் எப்படி இருக்கும்? 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டதில் வழியில் போன ஒன்பது பேர் காயப்பட்டார்கள். டிரிகர்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த விவாதம் கிளம்பியது நியாயம்.

இதையெல்லாம் ஊகிக்காமல் அளந்து சொல்ல ஆய்வுப் பணம் வேண்டும். ரோஜர் எனோகா என்ற உடலியக்க ஆய்வாளர், ஒரு கை எதையாவது இறுக்கிப் பிடித்தால் மற்றக் கையின் விரலும் தன்னறியாமல் இறுகும், தடுமாறினாலும் திடுக்கிட்டாலும் அப்படியே என்று எழுதியிருக்கிறார். இந்த மாதிரி வேலை இன்னும் எவ்வளவோ நடந்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் 1996-ல் போட்ட ஒரு சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் துப்பாக்கிக் காயங்களைப் பற்றிய ஆய்வுக்கு மத்திய அரசுப் பணம் ஏறக்குறைய வற்றிப்போனது, 2020 பட்ஜெட்டில்தான் மறுபடி இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். விற்பதற்குத் தடையில்லை, அளப்பதற்குத்தான் யோசனை. என் எரிச்சல் இது, விட்டுவிடுகிறேன்.

ஹூஸ்டன்காரருக்கு என் பதில். போட்டிக்கு வேறு துப்பாக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் அதில் ஆசைப்பட்டதைப் போடுங்கள். இடுப்பில் இருப்பதில் நடுத்தகடு கட்டாயம் இருக்க வேண்டும், டிரிகரை இழுக்கும் எடையும் இரண்டு கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். துப்பாக்கியை உறையில் திரும்பச் செருகும்போது சட்டை நுனி டிரிகரில் மாட்டினால் நடுத்தகடு உதவாது, துணியும் விரல் மாதிரியே அதையும் சேர்த்து அமுக்கும். அந்த இடத்தில் எடையும் தூரமும்தான் உங்களுக்கு அரை நொடி வாங்கித் தரும். ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கைத் தளர்த்தி எடை குறைக்கிற வேலையை மட்டும் தொடாதீர்கள், ஊசி போதுமான பலத்தோடு குத்தாமல் தோட்டா வெடிக்காமலே போகலாம்.

இன்னொன்று. ஊசிக்குக் குறுக்கே பிளஞ்சர் என்று ஒரு குட்டி உருளை நிற்கிறது, டிரிகர் பின்னால் வரும்போதுதான் கம்பியின் மேடு அதைத் தூக்கி வழிவிடும். தூரத்தைக் குறைத்த சில டிரிகர்களில் அந்த மேடு சும்மா இருக்கும்போதே உருளையைப் பாதி தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் எதைப் போட்டாலும், உள்ளூர் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி அவர் முன்னாலேயே அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். உருளை தன்பாட்டில் சரியாக இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம்: துப்பாக்கி காலிதானா என்று உறுதி செய்துகொண்டு ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தைத் தனியே எடுத்து, ஊசியின் பின்கொக்கியைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளுங்கள். முனை வெளியே வரக்கூடாது. அப்புறம் உருளையை அமுக்கிக்கொண்டு தள்ளுங்கள், முகப்பில் ஊசிமுனை எட்டிப் பார்க்கும்.