மின்காரும் தீயும்: விதியில் இருப்பது என்ன?

போன முகூர்த்தத்தில் அவிநாசிப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழா. எங்கள் மாமா தன் புது மின்காரில் வந்து இறங்கினார். பந்தியில் இலை போடுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "ஏனுங்க மாமா, ராத்திரி ஊட்டு வாசல்ல சார்ஜ் போட்டுட்டுத் தூக்கம் வருதுங்களா?" என்றான் பெரியப்பா பையன். "கேஸ் சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டுத்தான உங்கத்தை தூங்கறா" என்றார் மாமா. ரசம் வரும்வரை இதுவே ஓடியது. விதியில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முதலில் எண்ணிக்கை. சுவீடன் அரசின் பேரிடர்த் தடுப்பு முகமை 2023இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அங்கே மின்காரும், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்டும் சேர்த்து சுமார் 6.11 லட்சம் வண்டிகள். தீப்பிடித்தது ஆண்டுக்குச் சராசரியாக 16. சுமார் 44 லட்சம் பெட்ரோல், டீசல் கார்களில் ஆண்டுக்கு 3,400. பழைய வண்டிதான் அதிகம் எரியும், மின்கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். தவிர, லித்தியம் பேட்டரி பற்றினால் அணைக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அணைந்தது என்று விட்டுவிட்டு வந்தபின் பல மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றக்கூடும்.

நம் நாட்டில் விதி இறுகியது 2022க்குப் பிறகு. அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்கூட்டர்கள் வரிசையாகப் பற்றின. வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் பற்றி, தந்தையும் மகளும் இறந்தார்கள். மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, பேட்டரிக்கான தரங்களைத் திருத்தியது. ஸ்கூட்டர், ஆட்டோ போன்றவற்றுக்கு ஏஐஎஸ் (வாகனத் தொழில் தரம்) 156. கார், பஸ், லாரிக்கு ஏஐஎஸ் 038 இரண்டாம் திருத்தம். 1 டிசம்பர் 2022, 31 மார்ச் 2023 என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன.

கார் பேட்டரியை எரியும் பெட்ரோலுக்கு நேர் மேலே 70 விநாடியும், தீயை ஓரளவு மறைத்து இன்னும் 60 விநாடியும் வைத்துப் பார்ப்பார்கள். வெடிக்கக் கூடாது. நசுக்குவது, குலுக்குவது, ஷார்ட் செய்வது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றுவது எல்லாம் தனித்தனிச் சோதனை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சின்னச் சின்ன செல்களில் ஒன்று கெட்டுச் சூடு பரவினால், பயணிகள் இருக்கும் பகுதிக்கு ஆபத்து வருவதற்கு 5 நிமிடம் முன்பே வண்டி எச்சரிக்க வேண்டும். எரியவே எரியாது என்று விதி வாக்குக் கொடுக்கவில்லை; இறங்கி ஓட நேரம் கொடு என்கிறது. ஆகவே அந்த எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள், அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

இந்தச் சோதனையெல்லாம் கம்பெனி பேட்டரிக்கு. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஊர் நம்முடையது, எதையும் பிரித்துப் பார்க்கிற கை. ஆனால் பேட்டரியைப் பிரித்து வேறு செல் போட்டால் அந்த அங்கீகாரம் போயிற்று, வாரன்டியும் போயிற்று. பதிவு தேவைப்படாத, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஸ்கூட்டருக்கும் சோதனை மையத்தின் அங்கீகாரம் உண்டு. வாங்கும்போது சான்றிதழைக் கேளுங்கள்.

அடுத்தது பிளக் பாயின்ட். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் சார்ஜிங் நிலையங்களுக்கென்று 2019இல் ஒரு பகுதி சேர்த்தார்கள். சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நிறுத்திய வண்டிக்கும் சார்ஜிங் முனைக்கும் 5 மீட்டருக்குள் தூரம். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் துண்டிக்கும் கருவி வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. இவை நிலையங்களுக்கு எழுதியவைதான், ஆனால் வீட்டுக்கும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஜன்னல் வழியாக வயர் இழுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவதைத்தான் நான் பயப்படும் விஷயமாகச் சொல்வேன். 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரு பேஸில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரிங் தாங்காது. மின்வாரியத்தில் லோடை உயர்த்தி, தனி லைன், நல்ல எர்த் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் கார் எரிந்ததற்கு ஒரு பைசா வராது. வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். வீட்டுக்குத் தனிப் பாலிசி.

வண்டியிலேயே கோளாறு என்று தோன்றினால் மத்திய அரசின் 'வாகன்' இணையதளத்தில் புகார் பதியலாம். மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி, புகார்கள் போதுமான அளவு சேர்ந்தால் அந்த மாடலைத் திரும்பப் பெற அரசு உத்தரவிட முடியும். 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். கம்பெனிக்கு அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

அப்புறம், கை கழுவும்போது மாமா காதோடு கேட்டது: தோட்டத்துச் சாளைக்குப் போகும்போது மோட்டார் ரூம் லைனில் சார்ஜ் போடலாமா? கூடாதுங்க மாமா. அது விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரம். வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 2003, 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள்.