மூச்சுக்கு இடம் கொடுக்காத வயிறு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 48. பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஐந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே தொப்பை. குனிந்து ஷூ லேஸ் கட்டினால் மூச்சு வாங்குகிறதாம். குழாயில் ஊதிப் பார்த்ததில் நுரையீரல் கொள்ளளவு குறைவு என்று வந்திருக்கிறது. "சர்க்கரைக்கும் நுரையீரலுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

நிறையவே உண்டு. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று சரியில்லை என்றால் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அது உள்ளவர்களுக்கு ஊதும் காற்றின் அளவு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐந்திலும் இடுப்புச் சுற்றளவுதான் இதில் முன்னால் நிற்கிறது.

ஏன் என்று புரிய, சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நொடியைக் கவனியுங்கள். அடுத்த மூச்சுக்கு முன் ஒரு சின்ன அமைதி. அப்போதும் நுரையீரல் காலியாக இல்லை, சுமார் 2.5 லிட்டர் காற்று உள்ளேயே இருக்கிறது. நுரையீரல் ரப்பரைப் போலச் சுருங்கப் பார்க்கிறது, விலாக்கூடு வில்லைப் போல விரியப் பார்க்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில், எந்தத் தசையும் வேலை செய்யாமல், மூச்சு தானாக நிற்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

தொப்பைக்குள் குடலைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. சமநிலை நகர்ந்து, உள்ளே தங்கும் காற்று குறைகிறது. குனிந்தால் இன்னும் குறையும். அப்புறம்தான் முக்கியமான விஷயம். நுரையீரலின் கடைசிக் குழாய்கள் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியவை. தாங்கிப்பிடிக்கக் குருத்தெலும்பு கிடையாது. கல்யாண வீட்டு வாசலில் ஷாமியானா போடும்போது நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவார்களே, அப்படிச் சுற்றியுள்ள காற்றறைகள்தான் அவற்றை இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. காற்று குறைந்தால் கயிறு தொய்கிறது, அடிப்பகுதிக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. நாம் நிமிர்ந்திருக்கும்போது ரத்தம் அதிகம் பாய்வதும் அதே அடிப்பகுதிக்குத்தான். ரத்தம் வந்து நிற்கிறது, காற்று வரவில்லை. அங்கே போன ரத்தத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் ஏறாமலே திரும்புகிறது.

சர்க்கரையின் பங்கு தனி. ரத்தத்தில் கூடுதலாக ஓடும் குளுக்கோஸ், திசுக்களைத் தாங்கிப்பிடிக்கும் கொலாஜன் புரதத்தில் ஒட்டி அதை விறைப்பாக்கும். நுண்ரத்தக் குழாய்ச் சுவரும் தடிக்கும். கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்கள் வேறு.

சர்க்கரை முகாம்களில் கண் பார்க்கிறார்கள், கால் பார்க்கிறார்கள். ஊதிப் பார்க்கச் சொல்வது அபூர்வம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர், ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-லேயே விவரித்த எளிய கருவி. நம் ஊர் உடல்வாகுக்கு ஏற்ற அளவுகோல்களை உறுதிப்படுத்த ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'வாயு பிடித்திருக்கிறது' என்று கஷாயத்தோடு மாதங்களை ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நல்ல செய்தி: கயிறு அறுந்துபோகவில்லை, தொய்ந்திருக்கிறது. வயிறு குறைந்தால் உள்ளே தங்கும் காற்று திரும்பக் கூடும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்துப் பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை. புதுச்சேரியில் மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நான் நடப்பது அங்கேதான். கடலூரில் உங்களுக்கு வெள்ளிக் கடற்கரை இருக்கிறது.

சாய்வு நாற்காலியில் தூங்கினால் சுகமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மல்லாந்து படுத்தால் வயிறு உதரவிதானத்தின்மேல் சாயும், சாய்ந்து உட்கார்ந்தால் கீழே இறங்கும். ஆனால் படுத்தால் திணறுவது இதயக் கோளாறாலும் வரலாம். அதனால் இந்த வாரமே எக்கோ என்கிற இதய ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள்.