"பெட்டியில வெச்சிருக்காங்க"ன்னு சொல்லிட்டு வெளியவே நின்னுடாதீங்க

எங்க என்ஐசியு (பச்சக்குழந்தைங்க ஐசியு) வாசல்ல நின்னு போன் பேசுறவங்கள 14 வருஷமா கேட்டுட்டு இருக்கேன். ஊர்ல இருக்க அம்மாவுக்கு, அண்ணனுக்கு, வேலை பாக்குற இடத்துக்குன்னு யாருக்குப் பேசினாலும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வாங்க, "குறைமாசம்... பெட்டியில வெச்சிருக்காங்க". பெட்டின்னா இன்குபேட்டர், குழந்தைய வெதுவெதுப்பா வெச்சிருக்க பெட்டி. சொல்லிட்டு கண்ணாடி வழியா எட்டிப் பாப்பாங்க. நான் கதவத் திறந்து "உள்ள வாங்கம்மா"ன்னா "நாங்க வரலாமா சிஸ்டர்?"னு பயந்து பயந்து கேப்பாங்க. பெத்த குழந்தையப் பாக்க என்கிட்ட அனுமதி கேக்குறாங்களேன்னு ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமாயிடும்.

நான் ஒரு அரசு மருத்துவமனையில பச்சக்குழந்தைங்க ஐசியுல ஸ்டாஃப் நர்ஸ். மெஷினும் மருந்தும் டாக்டரும் செய்றது ஒரு பாதிதான், மீதி அம்மா அப்பாகிட்டதான் இருக்கு, ஆறுதலுக்காக சொல்லல, அதுவும் வைத்தியம்தான். அத எப்படின்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தா குறைமாசம். உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்குல 2020ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைங்க இப்படிப் பிறந்திருக்காங்க, நாடுன்னு பாத்தா இந்தியாவுலதான் அதிகம், கிட்டத்தட்ட 30 லட்சம். இத ஏன் சொல்றேன்னா, வர்ற அம்மாக்கள் பாதிப்பேர் தன்னத்தானே குத்தம் சொல்லிக்கிறாங்க, மாடிப்படி ஏறினேனே, பைக்ல போனேனே, அன்னிக்கு பப்பாளி சாப்டேனேன்னு. பிபி ஏறுனது, பனிக்குடம் முன்னாடியே உடைஞ்சது, நோய்த்தொற்று, இரட்டைக் குழந்தைன்னு சிலருக்குக் காரணம் தெரியும், நிறைய பேருக்கு என்ன காரணம்னே கண்டுபிடிக்க முடியாது. உங்க தப்பு இல்லம்மா. இத நான் ஒரே அம்மாகிட்ட பத்து தடவகூட சொல்லியிருக்கேன், இன்னும் சொல்வேன்.

அப்புறம் அந்த "ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது"ங்கிற பேச்சு. தயவுசெஞ்சு அத விட்டுடுங்க. வயித்துல இருக்க ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம், எட்டு மாசம் இருந்த குழந்தை ஏழு மாசக் குழந்தைய விட நல்ல நிலைமையிலதான் இருக்கும். போன வருஷம் 33 வாரத்துல பிறந்த ஒரு பொண்ணுக்கு மூணு நாளா தாய்ப்பாலே வந்து சேரல. போய் விசாரிச்சா பாட்டி பெஞ்சுல உக்காந்துட்டு "எட்டு மாசம்மா, தங்காது, எதுக்கு மருமகள இந்த நேரத்துல எழுப்பி கசக்கிட்டு"ன்னு சொல்றாங்க. அந்தப் பாட்டி கெட்டவங்க இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சத சொல்றாங்க. கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் காமிச்சேன், குழந்தை கால உதறிட்டு கொட்டாவி விட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பாட்டிதான் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ மருமகள எழுப்பி பால் எடுக்க வெச்சாங்க.

பால் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இங்கதான் நெறைய பேர் மனசொடிஞ்சு போறாங்க. பிரசவமான முதல் நாள் கையால அமுக்கி எடுத்தா சிரிஞ்சுல 2 மில்லி, 3 மில்லி மஞ்சளா கெட்டியா வரும், சீம்பால். "இவ்ளோதான் சிஸ்டர் வருது"ன்னு அழுதுட்டே நீட்டுவாங்க. அம்மா, 1 கிலோ குழந்தைக்கு நாங்க முதல்ல டியூப் வழியா கொடுக்கறதே ரெண்டு மணி நேரத்துக்கு 1 மில்லி மாதிரிதான், அந்த 3 மில்லி மூணு வேளை சாப்பாடு! டியூப்ல கொடுக்க முடியாத நிலைமைல இருந்தாகூட ரெண்டு சொட்டு கன்னத்துக்குள்ள தடவி விடுவோம், அதுல இருக்க எதிர்ப்புச் சக்தி அப்படி. குறைமாசக் குழந்தைங்களுக்குக் குடல் வெந்து அழுகிப்போற ஒரு பயங்கரமான நோய் வரும், தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அது வர்ற வாய்ப்பு கம்மி. அதனால பிரசவமான சில மணி நேரத்துலயே எடுக்க ஆரம்பிச்சுடுங்க, ஒரு நாளைக்கு 8 தடவை, அதுல ராத்திரி ஒரு தடவையாவது கட்டாயம், ராத்திரிதான் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அதிகமா இருக்கும். எடுத்த பாலுக்கு மேல பேர், தேதி, டைம் எழுதி ஒட்டுங்க. ரூம்ல 4 மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரம், அதுதான் எங்க வார்டு கணக்கு.

எவ்ளோ முயற்சி பண்ணியும் வரலைன்னா தாய்ப்பால் வங்கி இருக்கான்னு கேளுங்க. 1989ல மும்பை சயான் மருத்துவமனையில முதல்ல ஆரம்பிச்சாங்க, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்லயும் 2014ல இருந்து வந்துடுச்சு, தானமா வர்ற பால பாஸ்ச்சரைஸ் பண்ணி, அதாவது சூடு பண்ணி கிருமியக் கொன்னு, டெஸ்ட் பண்ணித்தான் கொடுப்பாங்க. ஆனா சேனை வைக்கிறது, சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், உரை மருந்து இதெல்லாம் முந்தானைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு உள்ள கொண்டு வராதீங்க. நான் ரெண்டு தடவ பிடிச்சிருக்கேன், திட்டல, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்தக் குழந்தைங்களுக்குப் பால உறிஞ்சி, முழுங்கி, மூச்சும் விடற பக்குவம் 34 வாரம் வாக்குலதான் வரும், அதுக்கு முன்னாடி வாயில ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிடலாம். குழந்தை முழுங்கப் பழகிடுச்சுன்னு பாத்ததும் நாங்களே பாலாடையில குடுக்கச் சொல்லித் தருவோம், நம்ம வீட்ல சங்கு மாதிரி இருக்குமே அந்தப் பாலாடைதான், அதவிட நல்ல சாமான் இல்ல.

மானிட்டர் சத்தம் போட்டா உங்களுக்கு உயிரே போயிடும், தெரியும். குறைமாசக் குழந்தை மூளை சில சமயம் மூச்சு விடவே மறந்துடும், நாங்க போய் உள்ளங்கால லேசா தேய்ச்சு விட்டா ஞாபகம் வந்து விட ஆரம்பிச்சுடும், அதுக்குத்தான் கஃபீன் மருந்தும் குடுக்கறோம், நாள் ஆக ஆக சரியாயிடும். நம்பரையே பாத்துட்டு இருக்காதீங்க, குழந்தை முகத்தப் பாருங்க. எடையும் அப்படித்தான், முதல் வாரம் குறையத்தான் செய்யும், பிறந்த எடைக்குத் திரும்பி வரவே ரெண்டு வாரம் பக்கம் ஆகலாம், தினமும் "எத்தன கிராம் சிஸ்டர்"னு கேட்டுக் கேட்டு சாப்பிடாம இருக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், கங்காரு கேர். 1978ல கொலம்பியா நாட்டுல போகோட்டாங்கிற ஊர்ல எட்கர் ரே-ன்னு ஒரு டாக்டர், இன்குபேட்டர் பத்தாம கஷ்டப்பட்டப்போ குழந்தைய அம்மா நெஞ்சுல துணி இல்லாம தோலோட தோலா ஒட்டி வைக்கச் சொன்னார். அப்படி ஆரம்பிச்சது. இப்ப அது ஏழை நாட்டு ஏற்பாடுன்னு யாரும் சொல்ல முடியாது. இந்தியாவோட சேத்து 5 நாட்டுல நடந்த ஒரு பெரிய ஆய்வு 2021ல வந்துச்சு, டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதுல இருந்துச்சு. 1 கிலோல இருந்து 1.8 கிலோக்குள்ள இருக்க குழந்தைங்கள, நிலைமை சீரானப்புறம் பாத்துக்கலாம்னு காத்திருக்காம பிறந்த உடனேயே நெஞ்சுல போட்டாங்க. முதல் 28 நாள்ல, காத்திருந்த பக்கம் 100க்கு கிட்டத்தட்ட 16 குழந்தைங்க இறந்தாங்க, உடனே போட்ட பக்கம் 12. நாலு குழந்தைங்க! 2022ல உலக சுகாதார நிறுவனமும் பிறந்த உடனே ஆரம்பிங்க, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரை முடிஞ்ச மட்டும் வைங்கன்னு சொல்லிடுச்சு. வென்டிலேட்டர்ல இருக்க, ரொம்ப மோசமா இருக்க குழந்தைக்கு மட்டும் டாக்டர் பொறுக்கச் சொல்வார். மத்தபடி உங்ககிட்ட யாரும் சொல்லலன்னா நீங்களே கேளுங்க, "நான் கங்காரு கேர் வைக்கலாமா"ன்னு.

அப்பாவும் வைக்கலாம். பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போற ஒரு தம்பி, மனைவி ஃபிட்ஸ் வந்து இன்னொரு ஐசியுல இருக்காங்க, குழந்தை 1140 கிராம். கை கழுவுற இடத்துல பத்து நிமிஷமா நிக்கிறார், போய்ப் பாத்தா நகக்கண்ல ஊதா பெயிண்ட், "போக மாட்டேங்குது சிஸ்டர், நான் தொட வேணாம்"ங்கறார். நகவெட்டி எடுத்துட்டுப் போய் ஒட்ட வெட்டச் சொல்லி, மோதிரம், கையில கட்டுன கயிறு எல்லாம் கழட்ட வெச்சு, திரும்ப சோப் போட்டு கழுவ வெச்சு, சட்டையக் கழட்டிட்டு சாஞ்ச சேர்ல உக்கார வெச்சேன். தொப்பி, சாக்ஸ், டயபர் மட்டும் போட்டு குழந்தைய நிமிர்த்தி நெஞ்சுல வெச்சு, மூச்சு அடைக்காம இருக்க தலைய ஒரு பக்கம் திருப்பி, பழைய வேட்டித் துணியால கட்டினோம். அவர் மூச்ச அடக்கிட்டு கல்லு மாதிரி இருந்தார், "தம்பி, நீங்க மூச்சு விடுங்க, அது கேட்டுத்தான் அவனும் விடுவான்"னேன். 88, 90ன்னு ஆடிட்டு இருந்த ஆக்சிஜன் அளவு கொஞ்ச நேரத்துல 94ல போய் நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் கால் மரத்துப்போயும் அசையல. மறுநாள் காலைல 7 மணிக்கு நகம் வெட்டிட்டு வாசல்ல நிக்கிறார்.

வீட்டுக்குப் போனப்புறமும் அத விடாதீங்க, குழந்தை 2.5 கிலோ பக்கம் வந்து நெளிஞ்சு நெளிஞ்சு வெளிய வரப் பாக்குற வரைக்கும் வைங்க. சாம்பிராணிப் புகை, மூக்குல காதுல எண்ணெய், குடல் ஏத்தம் தட்டுறது வேணாம், இருமல் சளி இருக்கவங்க யாரா இருந்தாலும் தூக்கக் கூடாது. பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு சில்லுன்னு ஆனாலோ, மூச்சு வாங்குனாலோ விடியட்டும்னு பாக்காம 108க்குப் போன் பண்ணுங்க. 

கண் டெஸ்ட். இத நான் எழுதாம விட்டா இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்ல. கண்ணுக்குள்ள இருக்க விழித்திரையோட ரத்தக்குழாய்ங்க ஒன்பதாவது மாசம் வரைக்கும் வளந்துட்டுதான் இருக்கும், சீக்கிரம் பிறந்துட்டா பாதியில நின்னு, அப்புறம் கன்னாபின்னான்னு வளந்து விழித்திரையவே பிச்சு இழுத்துடும். இதுக்குப் பேர் ஆர்ஓபி. வெளியில இருந்து பாத்தா கண் அழகாத்தான் இருக்கும், ஒண்ணுமே தெரியாது. 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தை, இல்ல 2 கிலோக்குக் கம்மியா பிறந்த குழந்தை, பிறந்து 30 நாளுக்குள்ள கண் டாக்டர் பாத்தே ஆகணும், 28 வாரத்துக்கு முன்னாடி, இல்ல 1200 கிராமுக்குக் கீழன்னா ரெண்டு மூணு வாரத்துலயே. டிஸ்சார்ஜ் ஆயிட்டாலும் அந்த நாள் மாறாது. சென்னையில 1996ல பிறந்த ஒரு குறைமாசக் குழந்தைக்கு இந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லாம விட்டதால கண் போயிடுச்சு, 2015ல சுப்ரீம் கோர்ட் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. பணம் வந்துச்சு, பார்வை வரல.

எங்க வார்டுலயே நடந்துச்சு. 29 வாரக் குழந்தை, 24ஆவது நாள் டிஸ்சார்ஜ், 28ஆவது நாள் கண் டெஸ்ட்டுன்னு சீட்டுல எழுதிக் குடுத்து வாயாலயும் சொன்னேன். அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க, "நல்லாத்தானே இருக்கு, பச்ச உடம்போட பஸ்ல எதுக்கு"ன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. எங்ககிட்ட இருந்தது அப்பா நம்பர் ஒண்ணுதான், அவர் வெளியூர்ல வேலையில, போன் எடுக்கல, நானும் ரெண்டு தடவ அடிச்சுட்டு விட்டுட்டேன். 70ஆவது நாள் "வெளிச்சத்தப் பாக்க மாட்டேங்குது சிஸ்டர்"னு தூக்கிட்டு வந்தாங்க. ஒரு கண்ணுல கொஞ்சம் காப்பாத்த முடிஞ்சது, இன்னொண்ணு போயிடுச்சு. சரியான நேரத்துல வந்திருந்தா லேசரோ ஊசியோ போட்டு நிறுத்தியிருக்கலாம். இப்ப மூணு நம்பர் வாங்காம நான் யாரையும் டிஸ்சார்ஜ் பண்றதில்ல, மூணாவது தடவ அடிச்சிருக்கணும்ங்கிறது இன்னும் நெஞ்சுலயே இருக்கு.

ஒரு தடவ பாத்து "இன்னும் வளரல, அடுத்த வாரம் வாங்க"ன்னா அடுத்த வாரமே போங்க, ரத்தக்குழாய் முழுசா வளந்துடுச்சுன்னு டாக்டர் வாயால சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. சிகிச்சை வேணும்னு சொல்லிட்டா ரெண்டு மூணு நாள்ல பண்ணிடணும், நல்ல நாள், அமாவாசை பாக்க அதுல நேரம் கிடையாது. போற அன்னிக்கு டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பால் குடுத்து முடிச்சுடுங்க, சொட்டு மருந்து விட்டு கண் பாப்பா விரியணும், அதுக்கு நேரம் ஆகும், கண்ண விரிச்சுப் பிடிக்கும்போது குழந்தை வீல்னு கத்தும், பாக்கவே கஷ்டமாத்தான் இருக்கும், சில நிமிஷந்தான். ஒரு தொப்பி, ஒரு மாத்துத் துணி, எடுத்து வெச்ச பால், பாலாடை, எங்க டிஸ்சார்ஜ் சீட்டு, இவ்ளோ போதும். முன்னாடி பட்டன் வெச்ச நைட்டியோ ஜாக்கெட்டோ போட்டுட்டுப் போங்க, வெளிய வந்ததும் நெஞ்சோட போட்டுக்க வசதியா இருக்கும்.