வெயில் வராத பால்கனிக்கு ஒரு எல்இடி விளக்கு

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். வடக்குப் பார்த்த பால்கனி என்றால், மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும்போது கொஞ்சம் விழும்; ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் கிடையாது. அங்கே தூவிய வெந்தயம் நூல் நூலாக நீண்டு, சில நாளிலேயே சாய்ந்துவிடும். உரக்குறை இல்லை, தண்ணீர்க்குறை இல்லை. வெளிச்சப் பசி.

மேலே ஒரு 9 வாட் பல்பைத் தொங்கவிட்டால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், இலைக்குப் போதாது. லூமன் என்பது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. இலையோ ஒளித்துகள்களை எண்ணுகிறது: 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள துகள்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அதற்குக் கணக்கு. (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல்.) உச்சி வெயிலில் இது சுமார் 2000. கீரைக்கு அவ்வளவு வேண்டாம். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 10 மோல் கிடைத்தால் தழைக்கும். 12 மணி நேரம் எரியவிட்டால், நொடிக்கு 230 மைக்ரோமோல் வேண்டும்.

இனி ஒரு தட்டுக்குக் கணக்கிடுவோம். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்றால் 0.27 சதுர மீட்டர். தட்டில் விழ வேண்டியது 62 மைக்ரோமோல். பக்கவாட்டில் சிதறுவது 30 சதவீதம் என்று வைத்தால், எல்இடியிலிருந்து 89 புறப்பட வேண்டும். வெள்ளை எல்இடியில் 1000 லூமனுக்குச் சுமார் 14 மைக்ரோமோல் தேறும். வாட்டுக்கு 140 லூமன் தரும் எல்இடி என்றால், சுமார் 45 வாட் போதும். கடைக்காரர் ‘100 வாட்’ என்று நீட்டும் பலகையைவிட, லூமன் எண் அச்சிட்ட 45 வாட் நம்பகமானது.

ஊதா வெளிச்சம் வீசும் சிவப்பு-நீல எல்இடிதான் செடிக்கு உகந்தது என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. பச்சையத்தைக் கரைசலாகப் பிரித்தெடுத்து அளந்தால், அது நீலத்தையும் சிவப்பையும்தான் மிகுதியாக உறிஞ்சும். அந்த வரைபடத்திலிருந்து பிறந்த நம்பிக்கை இது. ஆனால் முழு இலை அப்படி இல்லை. 22 வகைப் பயிர்களின் இலைகளைச் சோதித்து கீத் மெக்ரீ 1972-இல் வெளியிட்ட அளவீடுகளிலேயே, பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துவது தெரிந்தது. பச்சை ஒளி இலைக்குள் ஆழமாகவும் இறங்குகிறது. ஆகவே 3000 முதல் 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) வெள்ளை எல்இடியே போதும். அதோடு, ஊதா வெளிச்சத்தில் இலை கறுத்துத் தெரியும். பழுப்பையும் பூச்சியையும் கண்டுபிடிக்க முடியாது.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் முதலில் கையில் கொடுப்பது 12 வோல்ட் சுருள் பட்டை. வேண்டாம். அதில் மூன்று எல்இடிகள் 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில் சூடாகிப் போகிறது. வாங்கிய மின்சாரத்தில் கால் பங்கு வீண். அலுமினியப் பட்டையில் ஒட்டிய 2835 (2.8-க்கு 3.5 மி.மீ.) ரக எல்இடிகள், 36 வோல்ட், அதிகபட்சம் 350 மில்லிஆம்பியர் தாங்குபவை நான்கு வாங்குங்கள். அவற்றை 300 மில்லிஆம்பியரில் ஓட்டினால் மொத்தம் 43 வாட், நம் கணக்குக்கு நெருக்கம். சூடு குறையும், ஆயுள் கூடும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. எல்இடி சூடேற ஏற அதன் வோல்ட்டேஜ் தேவை குறையும். மாறாத வோல்ட்டேஜ் தரும் அடாப்டரை நேரடியாக மாட்டினால் கரன்ட் ஏறும், அதனால் சூடு ஏறும், அதனால் கரன்ட் இன்னும் ஏறும், கடைசியில் கருகும். மாறாத கரன்ட் தரும் டிரைவர்தான் வேண்டும்: 1200 மில்லிஆம்பியர், 27 முதல் 42 வோல்ட் வரை. ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டும் இரண்டடிப் பேனல்களுக்கான டிரைவர்களில் இந்த அளவு கிடைக்கும். நான்கு பட்டைகளையும் பேரலலாக இணையுங்கள். சீரியலில் போட்டால் 144 வோல்ட்; தண்ணீர் தெளிக்கும் இடத்தில் அது ஆபத்து.

அதே காரணத்துக்காக, டிரைவர் ஐசோலேட்டட் வகையாகவே இருக்க வேண்டும்: மின்சாரம் உள்ளே வரும் வயருக்கும் எல்இடிக்குப் போகும் வயருக்கும் நேரடி இணைப்பு இருக்கக் கூடாது. பிளக்கில் செருகாமல், மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, உள்வயர் ஒவ்வொன்றையும் வெளிவயர் ஒவ்வொன்றோடும் தொட்டுப் பாருங்கள், முனைகளை மாற்றியும் பாருங்கள். எங்கேயும் எண் நிலைத்து நிற்கக் கூடாது. நின்றால், 230 வோல்ட் உங்கள் தட்டுவரை நேராக வருகிறது என்று பொருள். டிரைவரும் எல்இடியும் ஒரே பலகையில் இருக்கும் டிஓபி போர்டுகளும் பெரும்பாலும் இப்படி ஐசோலேஷன் இல்லாதவைதான். மலிவாகக் கிடைத்தாலும் செடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சூட்டை வெளியேற்ற, பட்டைகளைப் பொருத்த வேண்டியது 60-க்கு 40 செ.மீ., 2 மி.மீ. அலுமினியத் தகட்டில். 43 வாட்டில் ஏறக்குறைய 24 வாட் பட்டையிலேயே சூடாகத் தங்குகிறது; மின்விசிறி இல்லாமல் ஆற, வாட்டுக்கு 100 சதுர செ.மீ. பரப்பு வேண்டும். தகடு 1.3 கிலோ இருக்கும், கொக்கி அதைத் தாங்க வேண்டும். பட்டையின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல் மெல்லியதாகத் தடவுங்கள். அப்பினால் அதுவே போர்வையாகிவிடும். தகட்டை எர்த் வயரோடு கட்டாயம் இணைக்க வேண்டும்.

சால்டர் வைக்கும்போது 25 வாட் அயர்ன் திணறும், அலுமினியம் சூட்டை உறிஞ்சிவிடும். 60 வாட் எடுங்கள், தகட்டில் பொருத்தும் முன்பே சால்டர் வையுங்கள். ஒவ்வொரு பட்டையோடும் சீரியலாக ஒரு 1 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் சேருங்கள். விளக்கு எரியும்போது அதன் இரு முனைக்கும் நடுவே 0.3 வோல்ட் காட்டினால் அந்தப் பட்டையில் 300 மில்லிஆம்பியர் ஓடுகிறது. ஒன்றில் 0, மற்ற மூன்றில் 0.4 என்றால், ஒரு சால்டர் விட்டுவிட்டது. அதன் பங்கையும் மற்றவை சுமக்கின்றன. உடனே அணையுங்கள். சரிசெய்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் எல்இடியை மாட்டினால், கெப்பாசிட்டரில் தேங்கிய வோல்ட்டேஜ் ஒரே பாய்ச்சலில் அதைக் கொன்றுவிடும்.

விளக்கை இலைக்கு 25 செ.மீ. மேலே தொங்கவிட்டு, போனின் லக்ஸ் (சதுர மீட்டருக்கு எத்தனை லூமன்) செயலியை இலை மட்டத்தில் பிடியுங்கள். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல். 16,000 வந்தால் சரி. ஓரங்களில் பாதிதான் காட்டினால், தட்டைச் சுற்றி வெள்ளை அட்டை நிறுத்துங்கள். இலை நுனி வெளுத்தால் 10 செ.மீ. உயர்த்துங்கள்.

செலவு, டிரைவர் இழப்பையும் சேர்த்து, மாதம் 18 யூனிட்டுக்குள். டைமரில் காலை 6 முதல் மாலை 6 வரை வையுங்கள். முள் சுற்றும் டைமர் மின்வெட்டில் நின்றுவிடும். நாளடைவில் விளக்கு இரவு 8, 9 வரை எரியும். பகல் வெளிச்சமும் சேர, செடிக்குப் பகல் நீண்டுவிட்டது போலாகும். பாலக்கும் கொத்தமல்லியும் இலை விடுவதை நிறுத்திப் பூத்தண்டு எழுப்பிவிடும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்; இல்லையென்றால், மின்சாரம் போய்வந்த அன்றே முள்ளைத் திருத்திவிடுங்கள்.