மேட்டுக் காட்டில் வரப்பு, பள்ளத்துக் கிணற்றில் தண்ணீர்

ஓர் ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். மானாவாரிச் செம்மண் சரிவில் அது நிற்காமல் ஓடினால் மேல்மண்ணையும் வாரிக்கொண்டுதான் ஓடும். 1 மி.மீ. மண் போனால் கண்ணுக்கே தெரியாது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் அது 5 டன். போட்ட எருவும் அந்தச் செந்தண்ணீரோடுதான் போகிறது.

இதைத் தடுக்கத்தான் சம உயர வரப்பு. எல்லைக்கல்லை ஒட்டி நேராகப் போடும் வரப்பு வேறு, இது வேறு. இது சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வளைந்து போகும். மட்டம் ஓரிடத்தில் அரை அடி இறங்கினாலும் மொத்தத் தண்ணீரும் அங்கே குவிந்து வரப்பை உடைத்துவிடும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஏழடிக் கம்பு இரண்டின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி, அதே புள்ளிகளில் நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் சரியான மட்டம். இனி கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி ஒவ்வொரு காலாக நகர்த்தி முளைக்குச்சி அடித்துக்கொண்டே போகலாம். கல் லேசாக இருந்தால் காற்றில் ஆடி ஏமாற்றும்.

நூறடிக்கு 2 அடி இறங்கும் சரிவில் வரப்புகளுக்கு இடையே சுமார் 130 அடி விடலாம். 3 அடி இறங்கினால் 100 அடி. வரப்பின் உயரம் 2 அடி, மேல் அகலம் 1 அடி, அடி அகலம் 7 அடி. இவ்வளவு நிலம் வீணா என்று கேட்பார்கள். வரப்பில் கொழுக்கட்டைப்புல்லும் துவரையும் போட்டால் வீணில்லை. மண்ணை மேட்டுப் பக்கம், வரப்பை விட்டு ஓரடி தள்ளி, விட்டுவிட்டுக் குழி தோண்டி எடுங்கள். குழியைத் தொடர்ந்து வெட்டினால் அதுவே வாய்க்காலாகித் தண்ணீர் வரப்படியை அரிக்கும்.

பெரும்பாலும் உடைவது பழைய நீர்த்தாரையைக் கடக்கும் இடத்தில்தான். அங்கே புதுமண் அதிகம் கொட்டியிருப்பதால் அதிகம் அமுங்கும். கால் பங்கு உயரம் கூட்டிப் போட்டு, நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். மிகுதித் தண்ணீர் வழிய, ஓரடி உயரத்தில் கல் பாவிய கலிங்கு ஒன்று கட்டாயம். வழியும் தண்ணீர் பக்கத்துக் காட்டில் போய் விழக்கூடாது. எலி வளை, மாட்டுத் தடம் இரண்டையும் மழைக்கு முன் அடைத்துவிடுங்கள். வெட்டிவேரை அரையடிக்கு ஒரு தூர் வீதம் மழை தொடங்கும்போது நட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கரிசலுக்கு இது ஆகாது. வெயிலில் வெடித்த வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்து வரப்பைப் பிளக்கும்.

வேலையை மேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேல்காட்டுக்காரர் சேராமல் கீழே மட்டும் வரப்பு போட்டால், மேலிருந்து வரும் தண்ணீரை அது தாங்காது. நான்கைந்து பேர் சேர்ந்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகுவது நல்லது. மேட்டில் மண் நின்றால் கீழே கண்மாய் தூர்வது குறையும், கிணற்றில் ஊற்று கூடுதல் நாள் நிற்கும். காடு இல்லாத குடும்பங்களுக்கு மண்வேலைக் கூலி கிடைக்கும், ஆட்டுக்குப் புல்லும் கிடைக்கும். அந்தப் புல்லை யார் அறுப்பது என்பதை வரப்பு போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.